எல்லாரும் ஆடும் பிறந்தநாள்

நுழையும்முன்

பிறந்தநாள் விழா என்றவுடன் கேக்கும் பலூனும் பரிசுப் பொதிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்விழாவுக்கு வந்த குழந்தைகள் அன்று என்ன செய்தனர் என்று கேட்டால், பலருக்கும் விடை சொல்லத் தெரிவதில்லை. வந்தவர் அனைவரும் கையால் ஒன்றைச் செய்து, ஓடி, அமர்ந்து ஆடி மகிழும்படி ஒரு பிறந்தநாள் விழாவை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

சுவரோரம் அமர்ந்த சிறுமி

மாணவர்களே! பழைய சாங்வியில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நான் சென்றிருந்தேன். பன்னிரண்டு குழந்தைகள் வந்திருந்தனர். மராத்தி, இந்தி, மலையாளம், தமிழ் எனப் பல மொழிகள் அக்கூடத்தில் ஒலித்தன. இசை நாற்காலி ஆட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து அவ்வாண்டுதான் வந்த ஒரு சிறுமி முதற்சுற்றிலேயே வெளியேறினாள். அவளுக்கு மராத்தியும் தெரியாது. இந்தியும் அப்போதுதான் பழக்கம். சுவரோரம் சென்று அமர்ந்தவள், கேக் வெட்டும் வரை எழவே இல்லை. அவள் அழவில்லை, யாரும் அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. விடைபெறும்போது, "என்ன விளையாடினாய்?" என்று கேட்டேன். "ஒருமுறை சுற்றி வந்தேன், டீச்சர்" என்றாள்.

இதில் எவர்மீதும் குற்றம் இல்லை. குறை, ஆட்டத்தின் விதியில் உள்ளது. பன்னிரண்டு பேர் ஆடும் இசை நாற்காலியில் பதினொரு சுற்றுகள் உண்டு. முதற்சுற்றில் வெளியேறுபவர் மீதமுள்ள பத்துச் சுற்றுகளையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் வெளியேறுபவர் யார்? பெரும்பாலும் வயதில் சிறியவர், கூச்சம் உடையவர், இடத்துக்குப் புதியவர். விளையாட்டு யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

இவ்விதியை ஒரு சொல்லால் மாற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியை மட்டும் எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். நாற்காலி குறையக் குறைய, பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எஞ்சிய நாற்காலிகளில் இடம் தேட வேண்டும். சிரிப்புக்குக் குறைவிராது, சுவரோரமும் காலியாக இருக்கும். 'ஒருவரும் வெளியேறலாகாது' என்பதே நம் திட்டத்தின் முதல் விதியாகும்.

பிறந்தநாளின் பழமை

பிறந்தநாளைக் கொண்டாடுவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் மன்னனின் பிறந்தநாள் விழாவைப் 'பெருமங்கலம்' என்று குறிப்பிடுகிறது. அந்நாளில் மன்னன் வெண்ணிற ஆடை அணிந்ததால் அதனை 'வெள்ளணி' என்றும் வழங்கினர். அன்று மன்னன் சினம் தவிர்த்துச் சிறைப்பட்டோரை விடுவிப்பான். வேண்டுவோர்க்கு வேண்டுவன கொடுப்பான் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். தஞ்சையில் இராசராச சோழனின் பிறந்தநாள், ஐப்பசித் திங்கள் சதய நாளில் 'சதய விழா'வாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

இச்செய்திகளில் ஒன்றைக் கவனியுங்கள். பழந்தமிழர் கருத்துப்படி, பிறந்தநாள் உடையவர் அன்று பெறுபவர் அல்லர், கொடுப்பவர். வீட்டுக்கு வரும் தோழர்களுக்கு நாம் கொடுக்கத்தக்க சிறந்த பொருள், மகிழ்ச்சியான இரண்டரை மணி நேரமே ஆகும்.

மராட்டிய இல்லங்களிலும் அழகிய வழக்கம் ஒன்று உண்டு. பிறந்தநாள் குழந்தையைப் பலகையில் அமர்த்தி, நெற்றியில் குங்குமமும் அட்சதையும் இட்டு, விளக்கேற்றிய தட்டினால் ஆரத்தி எடுப்பர். இதனை 'ஔக்‌ஷண்' என்பர். நம் வீட்டில் பாட்டி ஆரத்தி எடுப்பதை இது நினைவூட்டும். சாங்வியில் வாழும் நமக்கு இரண்டு வழக்கங்களும் உரியனவே.

செயல்வழி என்பது யாது?

கேட்டும் பார்த்தும் அறிவதோடு நில்லாமல், தானே செய்து அறிவதைச் 'செயல்வழிக் கற்றல்' என்பர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. பின்னர் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஊரில் உள்ள உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் அம்முறையில் படித்திருக்கக்கூடும், அவர்களைக் கேட்டறியுங்கள்.

விளையாட்டு வீண்பொழுது அன்று. நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் இறுதி மூன்று பருவங்களும் விளையாட்டைக் குறித்தனவே. ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, அதன் 31ஆம் பிரிவில், ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதனை ஏற்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது என்றால், சுவரோரம் அமர்ந்திருந்த சிறுமிக்கும் உரியது என்பதே பொருள்.

திட்டமிடும் முறை

நல்ல விழாவுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நல்ல திட்டம் வேண்டும். பின்வரும் நான்கையும் முதலில் முடிவு செய்து ஒரு தாளில் எழுதுங்கள்.

1. எண்ணிக்கை: பன்னிரண்டு பேர் போதும். பன்னிரண்டை இருவர், மூவர், நால்வர், அறுவர் எனச் சமமாகப் பிரிக்கலாம். ஆகவே எந்த ஆட்டத்துக்கும் அணி அமைப்பது எளிது.

2. இடம்: அடுக்ககத்தின் முற்றமோ வண்டி நிறுத்துமிடமோ போதுமானது. முன்னரே இசைவு பெற்று, வண்டிகள் வந்து செல்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். சூன் முதல் செப்டம்பர் வரை புணேயில் மழைக்காலம். அம்மாதங்களில் பிறந்தவர்கள் வீட்டுக்குள் ஆடத்தக்க ஆட்டம் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

3. விருந்தினர்: யாருக்கு எந்த உணவு ஒவ்வாது, யாரால் ஓட இயலாது என்பனவற்றை அவர்தம் பெற்றோரிடம் முன்னரே கேட்டறியுங்கள். ஓட இயலாதவரை நடுவராக அமர்த்திவிடுவது எளிய வழி. ஆனால் அது நல்ல வழி அன்று. அவர் ஒருவருக்காக மட்டும் விதியை மாற்றாமல், அனைவருக்கும் மாற்றுங்கள். 'இவ்வாட்டத்தில் எவரும் ஓடக்கூடாது. குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்க வேண்டும்' என்றால், விரைந்து ஓடுபவரும் தடுமாறுவர். ஆட்டமும் சுவை கூடும். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால், 'ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஒரு முழம் மட்டுமே நகரலாம்' என்று வைக்கலாம்.

4. கால வரிசை:

4.00 – 4.20 வருகை, பெயரட்டை எழுதுதல்
4.20 – 5.00 தீக்குச்சி வடிவங்கள் செய்தல்
5.00 – 5.40 கிளித்தட்டு
5.40 – 6.10 பல்லாங்குழி
6.10 – 6.30 ஆரத்தி, கேக், சிற்றுண்டி

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. விருந்தினர் அனைவரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. எனவே முதலில், எப்போது வந்தாலும் சேர்ந்துகொள்ளத்தக்க பணி வேண்டும். அமர்ந்து செய்யும் பணிக்குப் பின் ஓடும் ஆட்டமும், அதன்பின் மீண்டும் அமர்ந்தாடும் ஆட்டமும் வந்தால் உடல் சோராது. உண்ட வயிற்றோடு ஓடலாகாது என்பதால் உணவு இறுதியில் வருகிறது. தண்ணீர் மட்டும் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

அழைப்பு மடலைச் சுருக்கமாக எழுதுங்கள்:

"அன்புடையீர், வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு என் பிறந்தநாள் விழா. பரிசு எதுவும் வேண்டா. உங்கள் வீட்டில் அல்லது ஊரில் ஆடும் விளையாட்டு ஒன்றை நினைவில் கொண்டு வாருங்கள். 6.30 மணிக்கு விழா நிறைவுறும்."

பரிசு வாங்க இயலாத தோழனும் தயங்காமல் வருவதற்கு இம்மடல் வழி செய்யும்.

முதற்பணி: பெயரட்டை

வரும் ஒவ்வொருவர் பெயரையும் நீங்கள் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர் தமக்குத் தெரிந்த எழுத்தில் உங்கள் பெயரை எழுதித் தரட்டும். மராத்தி, மலையாளம், வங்காளம், பஞ்சாபி என எத்தனை எழுத்துகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். தமிழில் 'க' என்னும் ஓர் எழுத்தே இடத்துக்கேற்ப வெவ்வேறாக ஒலிப்பதையும், மராத்தியில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் இருப்பதையும் அப்போது உணர்வீர்கள். இன்னொரு செய்தி உங்களுக்கு மகிழ்ச்சி தரும். பொது இந்தியில் வழங்காத 'ள' ஒலி மராத்தியில் உண்டு. சாங்வியை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் 'முளா'. விளையாட்டின் பெயர் 'கேள்'. ளகரத்தைத் திருத்தமாக ஒலிக்க உங்கள் மராத்தித் தோழர்களுக்கு நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை.

கைவினை: தீக்குச்சியும் வால்வுக் குழாயும்

இப்பணியை நமக்கு அளித்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, புணேயில் டெல்கோ வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். 1978ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் பகுதிச் சிற்றூர்ப் பள்ளிகளில் நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டத்தில் பங்கேற்றார். அங்குள்ள குழந்தைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் எட்டாதவை. எனவே தீக்குச்சியும் மிதிவண்டி வால்வுக் குழாயும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் முறையை உருவாக்கினார். பின்னர் புணேப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள 'ஐயூகா' வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் பல்லாண்டுகள் பணிபுரிந்து, எறியும் பொருள்களிலிருந்து எண்ணற்ற பொம்மைகளைச் செய்து காட்டினார். 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சாங்வியிலிருந்து ஔந்து வழியாகப் பல்கலைக்கழகப் பக்கம் செல்லும்போது அம்மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை எளிது. மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் வால்வுக் குழாய் கிடைக்கும். அதனை 2 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். பெரியவர் ஒருவர் தீக்குச்சிகளின் மருந்தை முன்னரே சுரண்டி நீக்கிவிட வேண்டும். ஒரு துண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் ஓர் இணைப்பு உருவாகும். மூன்று குச்சிகளும் மூன்று துண்டுகளும் சேர்ந்தால் முக்கோணம். நான்கு குச்சிகளும் நான்கு துண்டுகளும் சேர்ந்தால் சதுரம்.

இப்போது சதுரத்தின் ஒரு மூலையை மெல்லத் தள்ளுங்கள். அது சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும். முக்கோணத்தைத் தள்ளுங்கள், அது வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் மாறாத வரை முக்கோணத்தின் கோணங்களும் மாற இயலா என்பதே காரணம். மின்கோபுரங்களிலும் தொடர்வண்டிப் பாலங்களிலும் கம்பிகள் முக்கோணங்களாக இணைக்கப்பட்டிருப்பது இதனால்தான். சதுரத்தின் குறுக்கே ஒரு நீண்ட குச்சியைக் கட்டினால் அதுவும் உறுதி பெறும். இதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டா, அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தேவையைக் கணக்கிடுவோம். ஒருவருக்கு 7 குச்சிகள், 7 துண்டுகள். பன்னிருவர்க்கு 84 குச்சிகள், 84 துண்டுகள். குழாயின் நீளம் 84 × 2 = 168 செ.மீ. உதிரியையும் சேர்த்து 100 குச்சிகளும் 2 மீட்டர் குழாயும் போதும்.

ஓடியாடக் கிளித்தட்டு

கிளித்தட்டு தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஆடப்படும் ஆட்டம். மராட்டியத்தில் இதனை ஒத்த ஆட்டத்தை 'ஆட்யா பாட்யா' என்பர். நம் சடுகுடு இங்கே 'ஹுதூது'. நம் உறியடிக்கு இணையானது 'தஹி ஹண்டி'. கோ-கோ ஆட்டத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதிகள் வகுத்தது புணேயின் டெக்கான் ஜிம்கானா கழகம். ஆகவே உங்கள் தோழர்களுக்கு இவ்வாட்டங்கள் முற்றிலும் புதியன அல்ல. பெயர்கள் மட்டுமே புதியன.

சுண்ணக்கட்டியால் ஒரு நீள்சதுரம் வரைந்து, அதன் குறுக்கே ஐந்து கோடுகளையும் நடுவே ஒரு நெடுங்கோட்டையும் இடுங்கள். அறுவர் கொண்ட இரண்டு அணிகள். காக்கும் அணியில் ஐவர் குறுக்குக் கோடுகளில் நிற்பர், ஆறாமவர் 'கிளி'. கிளி நெடுங்கோட்டின் மீது முன்னும் பின்னும் ஓடலாம். ஏறும் அணியினர் தொடப்படாமல் ஐந்து கோடுகளையும் கடந்து, மீண்டும் தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஊர்தோறும் விதி சிறிது வேறுபடும். நம் விழாவுக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுவோம். தொடப்பட்டவர் ஆட்டத்தை விட்டு நீங்காமல், தொடக்கக் கோட்டிலிருந்து மீண்டும் முயலலாம். எட்டு நிமிடத்தில் எத்தனை முறை சென்று திரும்பினர் என்பதே அணியின் புள்ளி. ஆட்டம் முடியும் வரை பன்னிருவரும் களத்தில் இருப்பர்.

அமர்ந்தாடப் பல்லாங்குழி

பல்லாங்குழிப் பலகை இல்லையே என்று வருந்த வேண்டா. அட்டையில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைகளில் 14 வட்டங்கள் வரையுங்கள். வட்டத்துக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டைகள் இடுங்கள். ஓர் அட்டைக்குப் பக்கத்துக்கு இருவராக நால்வர் ஆடலாம். பன்னிருவர்க்கு மூன்று அட்டைகள், 210 கொட்டைகள். சமையலறைப் புளியில் கொட்டைகள் கிடைக்கும். இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். மராத்தியில் புளிக்குச் 'சிஞ்ச்' என்றும் ஆலமரத்துக்கு 'வட்' என்றும் பெயர். சாங்வி அடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகரின் பெயரில் உள்ள சிஞ்ச்வட் என்பதற்கு இம்மரங்களையே காரணமாகக் கூறுவர். புளியங்கொட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

தன் பக்கத்துக் குழி ஒன்றின் காய்களை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட வேண்டும். கைக்காய் தீர்ந்தால் அடுத்த குழியின் காய்களை எடுத்துத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாயின், அதனைத் துடைத்து, அதற்கு அடுத்த குழியின் காய்களை வென்றெடுக்கலாம். அத்துடன் முறை மாறும். ஆட்டத்தின்போது ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். அக்குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து அவர் ஊர் விதியையும் கேளுங்கள். அவர் சொல்வது இதனின் வேறுபட்டால், அவர் விதியிலேயே ஆடுங்கள்.

விருந்தும் விடைபெறலும்

சிற்றுண்டியையும் செயலாக்கலாம். பொரி, நறுக்கிய வெள்ளரி, தக்காளி, மல்லித்தழை ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தால், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவாறு கலந்து உண்பர். விழா முடிந்ததும் அனைவரும் ஐந்து நிமிடம் இடத்தைத் தூய்மை செய்யட்டும். ஈரக் கழிவும் உலர் கழிவும் தனித்தனியே சேரட்டும். சாங்வியின் அருகே பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கிறது. நாம் முற்றத்தில் விட்ட பலூன் துண்டு மழைநீரோடு அங்கேதான் போய்ச் சேரும். தோழர்கள் தாம் செய்த தீக்குச்சி வடிவத்தையே நினைவுப் பரிசாகக் கொண்டு செல்லலாம்.

அச்சிறுமியின் பிறந்தநாள்

சில திங்கள் கழித்து அச்சிறுமியின் பிறந்தநாள் வந்தது. இப்பாடத்தில் நீங்கள் கண்ட திட்டம், அன்று எம் வகுப்பு மாணவர்கள் அவளுக்காகத் தீட்டியதே ஆகும். கிளித்தட்டில் அவள் பலமுறை தொடப்பட்டாள். ஒவ்வொரு முறையும் திரும்ப ஓடினாள். பல்லாங்குழி தொடங்கியதும் நிலைமை மாறியது. அங்கிருந்தோருள் அவ்வாட்டம் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. மூன்று அட்டைகளுக்கும் மாறி மாறிச் சென்று, பாதி தமிழிலும் பாதி இந்தியிலும், மீதியைக் கைச்சைகையிலும் அவள் விளக்கினாள். மராத்திச் சிறுவன் ஒருவன் குழியில் நான்கு காய்களைக் கண்டு, "பசு! பசு!" என்று கூவினான். அவன் கற்ற முதல் தமிழ்ச்சொல் அதுவாக இருக்கலாம்.

மாலை 6.30க்கு முடிய வேண்டிய விழா 7 மணிக்குத்தான் முடிந்தது. திட்டத்தில் நாங்கள் செய்த ஒரே பிழை அதுதான். அதனை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்கு அரைமணி போதாது.

சொற்பொருள்

பெருமங்கலம் – மன்னனின் பிறந்தநாள் விழா
சிற்றில் – சிறுவர் கட்டும் மணல்வீடு
சிறுபறை – சிறுவர் முழக்கும் சிறிய பறை
இசைவு – ஒப்புதல்
உதிரி – கூடுதலாக வைத்திருப்பது

பயிற்சி

1. இசை நாற்காலி ஆட்டத்தின் குறையாக ஆசிரியர் கூறுவது யாது? அதனை நீக்கும் வழி என்ன?
2. முக்கோணம் வடிவம் மாறாமைக்குக் காரணம் யாது?
3. உங்கள் விழாவுக்குப் பதினாறு பேர் வருவதாயின், எத்தனை தீக்குச்சிகள், எத்தனை புளியங்கொட்டைகள் தேவை? கணக்கிட்டு எழுதுக.
4. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் அவர் சிறுவயதில் ஆடிய ஆட்டம் ஒன்றைக் கேட்டு, அதன் விதிகளைப் பத்து வரிகளில் எழுதுக. அதில் எவரேனும் ஆட்டத்திலிருந்து வெளியேற நேர்ந்தால், அவ்விதியை எவ்வாறு மாற்றுவீர்கள் என்பதையும் எழுதுக.